அமெரிக்க வானொலி நாடகங்களின் பொற்காலத்தில் உங்களுக்குப் பிடித்த நிகழ்ச்சிகள் எவை? ஏன்?

ரசிகர்கள் இந்தப் பொற்காலத்தை 1930களின் தொடக்கத்திலிருந்து 1962 செப்டம்பர் 30 வரை என்று கணக்கு வைத்துக்கொள்வார்கள். அந்த ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சிபிஎஸ் வானொலியில் 'சஸ்பென்ஸ்', 'யுவர்ஸ் ட்ரூலி, ஜானி டாலர்' இரண்டுக்கும் மூடுவிழா நடந்துவிட்டது. இடைப்பட்ட முப்பது வருடத்தில் வந்தவை ஆயிரக்கணக்கில் இருக்கும், அதில் குப்பையும் நிறைய. பிடித்தவற்றைப் பொறுக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். கேட்டு முடித்ததும் "இதைப் படமாக எடுத்தால் கெட்டுப்போகும்" என்று தோன்ற வேண்டும்.

ஆகாசவாணியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். அது சினிமாவின் ஒலியை மட்டும் வெட்டி எடுத்துப் போடுவது. சண்டைக் காட்சி வந்தால் "டிஷ்யூம் டிஷ்யூம்" மட்டும் ஒரு நிமிடத்துக்கு ஓடும், யார் யாரை அடிக்கிறார்கள் என்று நாமாக யூகித்துக்கொள்ள வேண்டியதுதான். நான் சொல்லப்போகும் நாடகங்கள் அதற்கு நேர் எதிர், காதுக்கென்றே எழுதப்பட்டவை.

சந்தேகமே இல்லாமல் என் முதல் இடம் 'கன்ஸ்மோக்'குக்குத்தான். 1952 ஏப்ரலில் ஆரம்பித்து 1961 ஜூன் வரை ஓடியது. கான்சாஸில் டாட்ஜ் சிட்டி என்ற ஊர், அங்கே மேட் டில்லன் என்ற மார்ஷல், அதாவது சட்டத்தைக் காக்கும் அதிகாரி. கௌபாய் கதைதானே என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள், நானும் கௌபாய் படங்களின் ரசிகன் இல்லை. நார்மன் மெக்டொனல் தயாரிப்பு, நிறையக் கதைகளை எழுதியவர் ஜான் மெஸ்டன். அதுவரை வானொலியில் வந்த கௌபாய்கள் குழந்தைகளுக்காக வெள்ளைக் குதிரையில் வந்து நீதியை நிலைநாட்டிவிட்டுப் போவார்கள். இங்கே டில்லன் பாதி நேரம் தாமதமாகத்தான் வந்து சேர்வான். அவன் வருவதற்குள் யாராவது செத்திருப்பார்கள், சில சமயம் சுட்டவன்மீதே நமக்குப் பரிதாபம் வரும். இந்த வேலை ஒருவனை எப்போதும் உஷாராக வைத்திருக்கும், கொஞ்சம் தனிமையாகவும் ஆக்கிவிடும் என்று நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே அவனே சொல்லிவிடுகிறான்.

அப்புறம் அதன் ஒலி. எனக்கு இசையைவிட அதுதான் போதை. மரப்பலகை நடைபாதையில் பூட்ஸ் சத்தம், அதில் ஸ்பர் (பூட்ஸின் குதிகாலில் மாட்டும் உலோக முள்) லேசாகக் கிணுகிணுப்பது, தூரத்தில் ஒரு நாய். டில்லன் தெருவைக் கடந்து மதுக்கடைக்குப் போகிறான் என்றால் வேறு நாடகங்களில் இரண்டு அடி சத்தத்தோடு முடித்துவிடுவார்கள், இங்கே அவன் நடந்து முடிக்கும்வரை நாமும் கூடவே நடக்க வேண்டும். மண்ணிலிருந்து பலகைக்கு ஏறும்போது சத்தம் மாறும். அரை மணி நேரமே உள்ள நாடகத்தில் இதற்கெல்லாம் நேரம் ஒதுக்க ஒரு தைரியம் வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்பதென்றால் 1952 டிசம்பரில் வந்த 'தி கேபின்' கேளுங்கள். பனிப்புயலில் சிக்கிய டில்லன் ஒரு குடிசைக்குள் ஒதுங்குகிறான். உள்ளே இரண்டு ரவுடிகள், அவர்கள் பிடித்து வைத்திருக்கும் ஒரு பெண். அவளுக்கு என்ன நடந்தது என்பதை ஒரு வார்த்தையில்கூட வெளிப்படையாகச் சொல்வதில்லை, அந்தக் காலத்தில் சொல்லவும் முடியாது. ஆனால் அவள் குரலைக் கேட்டாலே எல்லாம் தெரிந்துவிடும். கடைசியில் உலகத்தில் நல்ல ஆண்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று டில்லன் ஆறுதல் சொல்ல, அப்படித்தான் சொல்கிறார்கள் என்ற மாதிரி அவள் ஒரு பதில் சொல்வாள். அந்தப் பதிலில் நம்பிக்கையும் இல்லை, கோபமும் இல்லை.

டில்லனுக்குக் குரல் கொடுத்தவர் வில்லியம் கான்ராட். ஆழமான, சலிப்பேறிய குரல். கேட்டால் ஆறடி உயரம், ஒல்லியான உடம்பு, காய்ந்த முகம் என்றுதான் மனசில் படம் ஓடும். நிஜத்தில் அவர் குண்டு மனிதர். 1955இல் இதையே டிவிக்குக் கொண்டுபோனபோது அவரை ஓரங்கட்டிவிட்டு நெட்டையான ஜேம்ஸ் ஆர்னஸைப் போட்டார்கள். டிவி தொடர் 1975 வரை இருபது வருடம் ஓடியது, அது வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் டிவியில் ஆர்னஸ் நடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில் வானொலியில் கான்ராட் இன்னும் ஆறு வருடம் அதே டில்லனாகப் பேசிக்கொண்டிருந்தார் பாருங்கள், என் ஓட்டு அவருக்குத்தான்.

அடுத்தது 'சஸ்பென்ஸ்', 1942இலிருந்து 1962 வரை. இருபது வருடத்தில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட நாடகங்கள், அதனால் தரம் ஏறியிறங்கத்தான் செய்யும். வில்லியம் ஸ்பியர் தயாரித்த 1940களின் நாடகங்களை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். இதில் எல்லோரும் சொல்லும் 'சாரி, ராங் நம்பர்' (1943 மே 25) பற்றி நானும் சொல்லாமல் இருக்க முடியாது. படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பணக்காரப் பெண், கணவனின் அலுவலகத்துக்கு ஃபோன் போடுகிறாள், லைன் குழம்பி யாரோ இரண்டு பேர் பேசுவது காதில் விழுகிறது. இன்றிரவு 11:15க்கு ஒரு பெண்ணைக் கொல்லத் திட்டம் போடுகிறார்கள், பாலத்தின்மேல் ரயில் போகும் சத்தத்தில் அவள் அலறல் அமுங்கிவிடுமாம். அவள் ஆபரேட்டரைக் கூப்பிடுகிறாள், போலீஸைக் கூப்பிடுகிறாள், மருத்துவமனையைக் கூப்பிடுகிறாள். ஒருவரும் அசைவதில்லை.

அந்தப் பெண்ணாக நடித்தவர் ஆக்னஸ் மூர்ஹெட். ஆரம்பத்தில் அவள்மேல் நமக்கு எரிச்சல்தான் வரும், எல்லோரையும் அதட்டுகிறாள், நான் ஒரு நோயாளி என்று புலம்புகிறாள். எழுதியவர் லூசில் ஃப்ளெட்சர், கடையில் ஒரு பெண்மணி தன்மேல் எரிந்து விழுந்ததிலிருந்து இந்தப் பாத்திரம் பிறந்ததாகச் சொல்லியிருக்கிறார். அந்த எரிச்சல் எந்த இடத்தில் பயமாக மாறுகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. டயல் சுழலும் சத்தம், பிஸி டோன், ஆபரேட்டரின் மரியாதையான குரல் எல்லாம் அவளுக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படியே நமக்கும் கேட்கிறது. அவளுக்குத் தெரியாத எதையும் நமக்குக் காட்டுவதில்லை. 1948இல் படமாக எடுத்தபோது கதையை ஃப்ளாஷ்பேக்குகளால் நிரப்பி நீட்ட வேண்டியதாயிற்று, நாடகமோ அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வரவேற்பு தாங்காமல் மூர்ஹெட் அதைத் திரும்பத் திரும்ப நடித்துக் கொடுத்தார்.

ஃப்ளெட்சரின் இன்னொரு நாடகம் 'தி ஹிட்ச்ஹைக்கர்'. புரூக்ளினிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் காரில் தனியாகப் போகிறவன், வழியெல்லாம் ஒரே ஆள் கை காட்டி நிற்பதைப் பார்க்கிறான், எவ்வளவு வேகமாகப் போனாலும் அவன் முன்னால் நிற்கிறான். ஆர்சன் வெல்ஸ் நடித்தது, இசை ஃப்ளெட்சரின் அப்போதைய கணவர் பெர்னார்ட் ஹெர்மன், பின்னாளில் ஹிட்ச்காக் படங்களுக்கு இசையமைத்தாரே, அவரேதான்.

வெல்ஸ் பெயர் வந்துவிட்டது, அதனால் 1938 அக்டோபர் 30 ஒலிபரப்பான 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' பற்றியும் ஒரு வார்த்தை. செவ்வாய்க் கிரகத்து ஆட்கள் படையெடுத்துவிட்டதாகச் செய்தி பாணியில் சொன்ன நாடகம் அது. அதை நிஜமென்று நம்பி அமெரிக்காவே தெருவுக்கு ஓடி வந்தது என்ற கதையை அப்படியே நம்பாதீர்கள். அன்றிரவு எடுத்த கருத்துக்கணிப்பில் அதைக் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னவர்கள் 2 சதவீதம்தான், பெருங்கூட்டம் எட்கர் பெர்கனின் நிகழ்ச்சியில் இருந்தது. பயந்தவர்கள் இருந்தார்கள், ஆனால் ஊதிப் பெரிதாக்கியது பத்திரிகைகள். (பெர்கன் யார் தெரியுமா, பொம்மையை மடியில் வைத்து உதடு அசையாமல் பேசுபவர். அதை வானொலியில் செய்து நம்பர் ஒன் ஆனார்! இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.) அந்த நாடகத்தில் எனக்குப் பிடித்தது ஒரே இடம்தான். நேரடி வர்ணனை செய்துகொண்டிருக்கும் நிருபரின் மைக் சட்டென்று செத்துப்போகிறது, பிறகு சில நொடி முழு மௌனம். அந்த நிருபராக நடித்த ஃபிராங்க் ரெடிக், முந்தைய வருடம் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்தபோது ஒரு வர்ணனையாளர் கதறிய பதிவைப் போட்டுக் கேட்டுப் பயிற்சி எடுத்தாராம். இரண்டாம் பாதி சுமார்தான், விட்டுவிடலாம்.

மௌனத்தை அதைவிடத் துணிச்சலாகக் கையாண்டவர் ஒருவர் உண்டு, வில்லிஸ் கூப்பர். அவர் எழுதி இயக்கிய 'கொயட், ப்ளீஸ்' 1947இலிருந்து 1949 வரை இரண்டே வருடம் வந்தது. முதலில் நிகழ்ச்சியின் பெயரையே ஒருவர் சொல்வார். பிறகு ஒன்றுமே இருக்காது, ரேடியோ கெட்டுவிட்டதோ என்று நாம் கை நீட்டும் நேரத்தில் இன்னொரு முறை அதையே சொல்வார். அந்தக் குரல் எர்னஸ்ட் சாப்பல். விளம்பரம் படிக்கும் அறிவிப்பாளராக இருந்தவர், நடிகர்களுக்கே உரிய அலட்டல் அவரிடம் கிடையாது. பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பவர் மாதிரி கதை சொல்வார்.

இதில் 'தி திங் ஆன் தி ஃபோர்பிள் போர்ட்' (1948 ஆகஸ்ட் 9) என்று ஒன்று இருக்கிறது. எண்ணெய்க் கிணறு தோண்டும் கோபுரத்தில், நாலு குழாய்களைச் சேர்த்து நிறுத்தும் உயரத்தில் ஒரு பலகை மேடை இருக்கும், அதுதான் ஃபோர்பிள் போர்ட். அங்கே முன்பு வேலை பார்த்த ஒருவன், தன் வீட்டுக்கு வந்திருக்கும் விருந்தாளியிடம் பழைய கதை சொல்கிறான். பூமிக்கு அடியில் வெகு ஆழத்திலிருந்து எடுத்த பாறைத் துண்டில் ஒரு தங்க மோதிரம் இருக்கிறது. கூடவே கல்லால் ஆன ஒரு விரலும். அந்த விரலுக்குச் சொந்தமானது எதுவோ அது மேலே ஏறி வந்துவிட்டது, கண்ணுக்கும் தெரிவதில்லை. இதற்குமேல் சொன்னால் பாவம். ஒன்று மட்டும் சொல்கிறேன், அந்த விருந்தாளி நாடகம் முழுக்க வாயே திறப்பதில்லை, ஏனென்றால் அவன் வேறு யாருமில்லை, கேட்டுக்கொண்டிருக்கும் நாம்தான். வீட்டுக்குள் இருக்கும் மனைவியைக் கதை சொல்பவன் நடுநடுவே குரல் கொடுத்துக் கூப்பிடுவதைக் கவனித்துக்கொண்டே இருங்கள். அந்த ஜீவன் எழுப்பும் சத்தம் ஒரு குழந்தை அழுவது மாதிரி இருக்கும். நான் ராத்திரி பஸ்ஸில் இயர்ஃபோன் போட்டுக்கொண்டு கேட்டேன், மறுபடி கேட்க நல்ல பகல் வெளிச்சம் தேவைப்பட்டது.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். 'டைமென்ஷன் எக்ஸ்', 'எக்ஸ் மைனஸ் ஒன்' இரண்டும் 1950களின் அறிவியல் புனைகதை நாடகங்கள். 'எ லாஜிக் நேம்டு ஜோ' என்ற கதை இரண்டிலும் வந்தது. வீட்டுக்கு வீடு ஒரு யந்திரம், எதைக் கேட்டாலும் பதில் சொல்கிறது, ஒரு நாள் அதில் ஒன்று கட்டுப்பாடு இல்லாமல் போய், மனைவியை மாட்டிக்கொள்ளாமல் கொல்வது எப்படி என்று கேட்டவனுக்கும் பொறுப்பாக வழி சொல்லித் தருகிறது. மூலக்கதை வெளியானது 1946இல்! கேள்வி பதில் தளத்தில் உட்கார்ந்து இதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

'ஜானி டாலர்' காப்பீட்டு நிறுவனங்களுக்காகத் துப்பறிபவன். கதை முழுவதும் அவன் அனுப்பும் செலவுக் கணக்காகவே போகும், டாக்ஸிக்கு இவ்வளவு, ஹோட்டலுக்கு இவ்வளவு என்று சொல்லிக்கொண்டே கொலைகாரனைப் பிடிப்பான். நிறைய நடிகர்கள் மாறினார்கள், 1955இல் வந்த பாப் பெய்லியை மட்டும் கேளுங்கள். அந்தச் சமயத்தில் வாரத்துக்கு ஐந்து நாள், தினம் பதினைந்து நிமிடம் என்று ஒரு கதையை நீட்டிச் சொன்னார்கள், பாத்திரங்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது.

பிடிக்காதது என்று கேட்டால், அடிக்க வராதீர்கள், கண்ணுக்குத் தெரியாமல் வந்து குற்றவாளிகளைப் பிடிப்பவனின் கதையான 'தி ஷேடோ'. அந்தச் சிரிப்பும் தொடக்க வசனமும் பிரமாதம், அதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம். கிறீச்சிடும் கதவோடு ஆரம்பிக்கும் 'இன்னர் சாங்டம்' நிகழ்ச்சியும் அப்படித்தான். கதவு நன்றாக இருக்கிறது, உள்ளே போனால் பேய்க்கதையைக் கடைசி இரண்டு நிமிடத்தில் நம்பவே முடியாத ஒரு விளக்கம் கொடுத்துக் கெடுத்துவிடுவார்கள்.

இவற்றில் பெரும்பாலானவை இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகக் கிடைக்கின்றன. பல நாடகங்கள் தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் அமெரிக்க ராணுவ வானொலி, வெளிநாட்டில் இருந்த சிப்பாய்களுக்காகத் தட்டுகளில் பதிந்து அனுப்பினார்கள். அந்தப் பதிவுகளில் விளம்பரங்களை வெட்டியிருப்பார்கள், எனக்கு அது நஷ்டம்தான், ஏனென்றால் 'சஸ்பென்ஸ்' நடுவில் அறிவிப்பாளர் ஹார்லோ வில்காக்ஸ் வந்து ஆட்டோலைட் ஸ்பார்க் பிளக்கை விற்கும் அழகே தனி. 'கொயட், ப்ளீஸ்' பதிவுகள் பல கரகரவென்று இருக்கும், ஸ்பீக்கரில் போட்டால் பாதி வசனம் போய்விடும். இயர்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் 'சாரி, ராங் நம்பர்', அது பிடித்திருந்தால் 'தி கேபின்', அதன்பிறகு கிணற்றுப் பக்கம் வரலாம்.