நைரோபியில் ஒரே ஒரு காலைப்பொழுதுதான் கிடைக்கிறது. நைரோபி தேசியப் பூங்காவில் சஃபாரி போவது பயனுள்ளதா, பணம் வீணாகுமா?

போகலாம். கென்யாவின் புகழ்பெற்ற வனவிலங்குக் காப்பகமான மசாய் மாராவுக்குப் பதிலாக என்று நினைத்துக்கொண்டு மட்டும் போகாதீர்கள். அப்படிப் போனவர்கள்தான் திரும்பி வந்து "ஒன்றுமே இல்லை" என்று எழுதுகிறார்கள்.

கேள்வி கேட்டவருக்கு நைரோபியில் அலுவலக வேலை, திரும்பும் நாளில் பிற்பகல் விமானம். மாராவுக்குப் போக நேரமில்லை. ஊரை ஒட்டியே இருக்கும் காட்டில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்பது அவருடைய சந்தேகம். வேலை நிமித்தமாக அந்த ஊருக்குப் போய்வருகிறவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அளவைப் பற்றி. நம்மூர்க்காரர்களிடம் "நகரத்துக்குள் தேசியப் பூங்கா" என்றால் கிண்டிதான் நினைவுக்கு வரும். கிண்டி முழுவதும் சேர்த்து மூன்று சதுர கிலோமீட்டர்கூட வராது. நைரோபிப் பூங்கா 117 சதுர கிலோமீட்டர். நகர மையத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் தொலைவில் அதன் எல்லை தொடங்குகிறது. மெர்வின் கோவி என்பவர் பல ஆண்டுகள் விடாமல் வாதாடியதன் பயனாக 1946 டிசம்பரில் கென்யாவின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மூன்று பக்கமும் வேலி. தெற்கே ம்பகாதி ஆறுதான் எல்லை, அந்தப் பக்கம் வேலி கிடையாது. அதனால்தான் இதை மிருகக்காட்சிசாலை என்று யாரும் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. உள்ளே இருக்கும் சிங்கத்துக்கு யாரும் இறைச்சி போடுவதில்லை. வரிக்குதிரைக்குப் பிடிக்கவில்லை என்றால் ஆற்றைக் கடந்து போய்விடலாம்.

என்ன பார்க்கலாம்? காண்டாமிருகத்தைப் பார்ப்பதற்கு வாய்ப்பு மிக அதிகம். உண்மையில் இந்தப் பூங்காவுக்கு வருவதற்கு அதுவே போதுமான காரணம். மாராவில் நாள் முழுக்கச் சுற்றியும் காண்டாமிருகம் கண்ணில் படாமல் திரும்பியவர்கள் உண்டு. இங்கே அது வழியோரத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். கென்யாவில் 1970களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 20,000 கறுப்புக் காண்டாமிருகங்கள் இருந்தன. கொம்புக்காக வேட்டையாடி வேட்டையாடி, 1980களின் இறுதியில் 400க்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். மிச்சமிருந்தவற்றை ஆயுதக் காவலோடு பாதுகாத்துப் பெருக்கிய இடங்களில் இந்தப் பூங்காவும் ஒன்று. இங்கே பெருகியவற்றைத்தான் நாட்டின் வேறு காடுகளுக்கு ஏற்றி அனுப்புகிறார்கள்.

வெள்ளை, கறுப்பு என்று இரண்டு வகையும் இருக்கின்றன. நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள், இரண்டும் சேற்றின் நிறத்தில்தான் இருக்கும். வாயைப் பாருங்கள். வெள்ளைக்கு அகன்ற, தட்டையான வாய். தலையைத் தரையோடு வைத்துப் புல் மேயும், வெட்டவெளியில் நிற்கும். கறுப்புக்கு மேலுதடு கிளிமூக்குப் போல வளைந்து நீண்டிருக்கும். அதைக்கொண்டு முள்செடியின் கிளையைப் பற்றி ஒடித்துத் தின்னும். புதருக்குள் மறைந்தே இருக்கும், முன்கோபம் அதிகம்.

ஒரு ஜூலைக் காலையில் எங்கள் வண்டி ஒரு வெள்ளைக் காண்டாமிருகத்தை ஒட்டி நின்றது. தாயும் குட்டியும். ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு "போலே போலே" என்றார், அவசரமே இல்லை என்பது போல. அணைத்த பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. புல்லைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கும் சத்தம், இடையிடையே பெரிய மூச்சு. தாயின் முதுகுத் தோலின் மடிப்புகளுக்குள் சிவப்பு அலகுடைய சின்னப் பறவைகள் தலையை விட்டு உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தன. ஒன்று காதுக்குள்ளேயே இறங்கியது. அது காதை ஒருமுறை சுழற்றியதோடு சரி. குட்டிக்குக் கொம்பு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்ன மொட்டுதான். அந்த நேரத்தில் வில்சன் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய சிறு விமானம் ஒன்று தலைக்கு மேல் இரைந்துகொண்டு போனது, சுற்றுலாப் பயணிகளை மாராவுக்கு ஏற்றிச் செல்வதாக இருக்கலாம். தாயும் நிமிரவில்லை, குட்டியும் நிமிரவில்லை.

சிங்கம் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. சிறுத்தையை மறந்துவிடுங்கள். யானை இந்தப் பூங்காவில் கிடையாது, அதற்கு இந்த இடம் போதாது. ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, எருமை, தீக்கோழி, இம்பாலா, கொங்கோனி என்ற மான் வகைகள் எல்லாம் தாராளமாக உண்டு. ஒட்டகச்சிவிங்கிக்குப் பின்னால் வானுயர்ந்த கட்டடங்கள் தெரியும் அந்தப் புகைப்படத்தை எல்லோரும் எடுப்பார்கள். நீங்களும் எடுப்பீர்கள், அதில் தவறில்லை.

பறவை ஆர்வம் இருந்தால் சொல்லவே வேண்டாம். பாம்பைக் காலால் மிதித்துக் கொல்லும் செக்ரட்டரி பறவை புல்வெளியில் நடந்து போவதை இங்கேதான் முதலில் பார்த்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போகும் பழைய காலத்துத் தலைமையாசிரியரின் நடை அதற்கு.

ஏன் விடியற்காலை? பூமத்திய ரேகையை ஒட்டிய ஊர் என்பதால், ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ ஆறேகாலுக்கும் ஆறேமுக்காலுக்கும் இடையில்தான் உதிக்கும். கேட் திறப்பது ஆறு மணிக்கு. சரியாகப் போய் நின்றால் வெளிச்சம் வருவதற்கு முன்பே உள்ளே இருக்கலாம். இரவெல்லாம் நடந்த சிங்கங்கள் வண்டித் தடத்திலேயே நடந்து திரும்பும் நேரம் அது. இரவின் ஈரமான புல்லைவிடக் காய்ந்த மண் தடம் அவற்றுக்கு வசதி. எட்டரைக்கு மேல் வெயில் ஏறியதும் புதர் நிழலில் படுத்துவிடும், அதன் பிறகு காதின் நுனியைத்தான் பார்க்க முடியும். ஆகவே ஓட்டலில் ஆறு மணிக்குக் காலை உணவு முடித்துக் கிளம்பலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐந்தேகாலுக்கே வண்டி வாசலில் நிற்க வேண்டும். உணவைக் கட்டித் தரச் சொல்லுங்கள்.

குளிரைப் பற்றி யாரும் சொல்வதில்லை. ஆப்பிரிக்கா என்றவுடன் பருத்திச் சட்டையோடு வந்துவிடுகிறார்கள். இது கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருக்கும் நிலம், ஏற்காட்டைவிட உயரம். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் விடியற்காலையில் கூரை திறந்த வண்டியில் நின்றுகொண்டு போனால் பல் கிட்டும். ஸ்வெட்டர் கட்டாயம்.

மழைக்காலம் இன்னொரு விஷயம். பூங்காவின் பெரும்பகுதி அசல் கரிசல் மண். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக்காரர்களுக்கு நான் மேலே சொல்லவே வேண்டாம். காய்ந்தால் வெடிப்பு, நனைந்தால் பசை. மார்ச் கடைசியிலிருந்து மே வரையும், நவம்பரிலும் சாதாரண வேன் உள்ளே போனால் சக்கரம் புதைந்து நிற்கும். இறங்கித் தள்ளவும் முடியாது, ஏனென்றால் வண்டியை விட்டு இறங்கக்கூடாது என்பதுதான் முதல் விதி. அந்த மாதங்களில் நான்கு சக்கர இயக்கம் உள்ள லேண்ட் குரூசர்தான் கேட்க வேண்டும். தவிர, மழை பெய்தால் எங்கும் புல்லும் தண்ணீரும் கிடைக்கும் என்பதால் மேய்ச்சல் விலங்குகள் ஆற்றைக் கடந்து தெற்கே பரவிவிடும். மழையில்லாத வறண்ட மாதங்களில் பூங்காவிலிருக்கும் அணைகளைத் தேடி உள்ளே வரும். ஜனவரி, பிப்ரவரி அல்லது ஜூலை முதல் அக்டோபர் வரை என்றால் கூட்டமாகப் பார்க்கலாம்.

அந்தக் கரிசலில் வளரும் ஒரு குட்டை வேலமரத்தை ஓட்டுநரிடம் சொல்லி நிறுத்திப் பாருங்கள். வெள்ளை முட்களின் அடியில் கறுத்த உருண்டைகள் தொங்கும், காய் என்று நினைப்பீர்கள். காய் இல்லை. முள்ளின் அடிப்பகுதியே ஊதி உள்ளே வெற்றிடமாகி, எறும்புகள் குடியிருக்கும் வீடு அது. இலையைத் தின்ன ஒட்டகச்சிவிங்கி நாக்கை நீட்டினால் எறும்புகள் திரண்டு வந்து கடிக்கும். மரம் வீடு தருகிறது, குடியிருப்பவர்கள் காவல் காக்கிறார்கள். எறும்புகள் போட்ட துளைகளில் காற்று நுழையும்போது மெல்லிய சீழ்க்கை வரும். சிங்கத்தைத் தேடிப் பறக்கும் வண்டிகளில் இருப்பவர்களுக்கு இது கேட்பதே இல்லை.

பூங்காவின் குறுக்கே ஒரு ரயில் பாலம் போகிறது. அதைப் பார்த்து முகம் சுளிக்காதவர்கள் குறைவு. ஆறு கிலோமீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் தூண்கள், அவற்றின் அடியில் ஒட்டகச்சிவிங்கிகள் நடக்கின்றன. 2019இல் அந்தப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது. எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் நைரோபி என்ற ஊரே ரயிலால் பிறந்தது. 1899இல் ஆங்கிலேயர்கள் உகாண்டா ரயில் பாதை போடும்போது சாமான்களை இறக்கிவைக்கத் தேர்ந்தெடுத்த வெற்றுச் சதுப்பு இது. பாதை போட உழைத்தவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து, குறிப்பாகப் பஞ்சாபிலிருந்து கொண்டுவரப்பட்ட கூலிகள். 1909இல் அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ரயில் இன்ஜினின் முகப்பில் போட்ட இருக்கையில் உட்கார்ந்து, இதே சமவெளியின் விலங்குகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பாலத்தைவிட எனக்குக் கவலை தருவது தெற்குப் பக்கம். ஆற்றுக்கு அப்பால் இருப்பது மசாய் மக்களின் மேய்ச்சல் நிலம். அங்கே கிடெங்கேலா, ஆதி ரிவர் என்ற ஊர்களின் பக்கம் நிலம் துண்டு துண்டாக விற்கப்பட்டு, வீடும் தொழிற்சாலையும் வேலியுமாக மாறிவருகிறது. 1970களின் இறுதியில் இருபதாயிரத்துக்கு மேல் இருந்த வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் வகையின் கூட்டம் பிறகு சில ஆயிரமாகச் சுருங்கிவிட்டது. தெற்கும் அடைபட்டால் மீதி இருப்பது உண்மையிலேயே மிருகக்காட்சிசாலைதான்.

மசாய் குடும்பங்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆற்றைக் கடக்கும் சிங்கம் அவர்களுடைய மாட்டைத்தான் அடிக்கிறது. கிடெங்கேலாவில் ரிச்சர்ட் டுரேரே என்ற சிறுவன் பதினோரு வயதில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். முதலில் தீ மூட்டிப் பார்த்தான், பலிக்கவில்லை. சோளக்கொல்லைப் பொம்மை வைத்தான், சிங்கம் இரண்டாம் நாளே ஏமாறவில்லை. டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு பட்டியைச் சுற்றி நடந்த இரவில் மட்டும் சிங்கம் வரவில்லை. அசையும் வெளிச்சத்துக்கு அது பயப்படுகிறது என்று புரிந்துகொண்டு, பழைய கார் பேட்டரி, மோட்டார் சைக்கிளின் இண்டிகேட்டர் பெட்டி, உடைந்த டார்ச்சுகளின் பல்பு, ஒரு சோலார் பலகை இவற்றைக் கோத்து, மாறி மாறி மின்னும் விளக்குகளைப் பட்டியைச் சுற்றிக் கட்டினான். 2013இல் டெட் (TED) என்ற புகழ்பெற்ற உரை மேடையில் ஏறி அதைப் பற்றிப் பேசினான். அதன் பிறகு பல பட்டிகளில் அந்த விளக்கு வந்துவிட்டது.

இறங்க அனுமதி உள்ள இடங்கள் சில உண்டு. ஒன்று, தந்தம் எரித்த இடம். 1989இல் அன்றைய அதிபர் மோய் 12 டன் தந்தத்தை இங்கே கொளுத்தினார். 2016 ஏப்ரல் 30 அன்று 105 டன் எரிக்கப்பட்டது. அந்த இடத்தில் சாம்பல் மேடு இன்னும் இருக்கிறது, பக்கத்தில் கல்வெட்டு. பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட இடமும் இருக்கிறது, பபூன் குரங்குகள் வந்து பங்கு கேட்கும். இன்னொன்று நீர்யானைக் குட்டை. துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர் உடன்வர, ஆற்றோரமாகக் கொஞ்ச தூரம் நடக்கலாம். நேரம் குறைவென்றால் குட்டையை விட்டுவிடுங்கள், சாம்பல் மேட்டை விடாதீர்கள்.

இனி காசு விவகாரம். வண்டி வாடகை வேறு, நுழைவுக் கட்டணம் வேறு. இரண்டையும் சேர்த்தா சொல்கிறார்கள் என்று முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓர் ஓட்டலின் வரவேற்பில் எனக்குச் சொன்ன தொகையில் நுழைவுக் கட்டணம் இல்லை என்பது கேட் அருகில்தான் தெரிந்தது. கென்யர்களுக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு, அடிக்கடி மாற்றவும் செய்கிறார்கள். அரசின் இணையதளத்தில் அன்றைய விலையைப் பார்த்து முன்கூட்டியே கட்டிவிடுவது நல்லது, கேட்டில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பாட்டிலைக் கென்யாவின் தேசியப் பூங்காக்களில் 2020இலிருந்து தடை செய்திருக்கிறார்கள், எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். ஒன்பதரைக்கு வெளியே வந்துவிட்டால், பதினொரு மணிக்குப் பக்கத்திலிருக்கும் ஷெல்ட்ரிக் அனாதை யானைக்குட்டிகள் காப்பகத்தில் ஒரு மணி நேரம் பால் கொடுப்பதைப் பார்க்கலாம். முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். உங்களுக்குப் பிற்பகல் விமானம் என்பதால் இரண்டையும் முயல்வது உசிதமில்லை. விமான நிலையத்துக்குப் போகும் மொம்பாசா சாலையின் நெரிசலை நம்பி எதையும் திட்டமிட முடியாது. பெட்டியை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு, காலை முழுவதும் காட்டிலேயே இருந்துவிட்டு, கிழக்குக் கேட் வழியாக வெளியே வந்தால் விமான நிலையம் அருகில்தான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: வெறும் இடைநிறுத்தமாக நைரோபியில் இறங்கினாலும், விமான நிலையத்தை விட்டு வெளியே வர மின்னணுப் பயண அனுமதி தேவை, கிளம்புவதற்கு முன்பே வாங்க வேண்டும். கென்யாவிலிருந்து இந்தியா திரும்புகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் அது செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் தனிமைப்படுத்தும் முகாமில் உட்கார வைத்துவிடுவார்கள்.