இவ்வளவு ராடரும் கணினியும் இருந்தும், போரில் சொந்தப் படையையே சுட்டுவிடுவது எப்படி நடக்கிறது?

சுட்டவரின் அவசரம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரும்பாலும் விசையை அழுத்துவதற்கு வெகுநேரம் முன்பே தவறு நடந்து முடிந்திருக்கும்.

1994 ஏப்ரல் 14, வடக்கு ஈராக். அமெரிக்காவின் இரண்டு எஃப்-15 போர் விமானங்கள், தங்கள் நாட்டு பிளக் ஹோக் ஹெலிகொப்டர்கள் இரண்டையே சுட்டு வீழ்த்தின. 26 பேர் இறந்தார்கள். அதுவும் பட்டப்பகலில், கண்காணிப்புக்கென்றே ஓர் அவாக்ஸ் விமானம் மேலே பறந்துகொண்டிருந்தபோது!

‘நீ யார்?’ என்று போர் விமானத்தின் கருவி கேட்டால், எதிரே வருவது நம்முடையது என்றால் சரியான குறியீட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஹெலிகொப்டர்களில் இருந்ததோ துருக்கிக்குள் பறக்கும்போது பயன்படுத்தும் குறியீடு. ஈராக்கிற்குள் வேறு குறியீடு என்பதை அந்த விமானிகளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வானொலி அலைவரிசையும் வேறு. பக்கவாட்டில் மாட்டியிருந்த கூடுதல் எரிபொருள் தாங்கிகளால், நேரில் பார்த்த விமானிக்கும் அது எதிரியின் ரஷ்யத் தயாரிப்பு ‘ஹைண்ட்’ ஹெலிகொப்டர் போலத் தெரிந்தது. சரி, அவாக்ஸ்? ஹெலிகொப்டர்கள் அந்தப் பக்கம் போயிருப்பது அதில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் எச்சரிக்கவில்லை. கடைசியில் ஒரே ஓர் அதிகாரிதான் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார், அவரும் விடுதலையானார்.

2007 உலகக் கிண்ண இறுதிப் போட்டி இரவு கொழும்பில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். புலிகளின் விமானங்கள் வந்துவிட்டன என்று கரண்டை நிறுத்திவிட்டு, வானத்தைப் பார்த்துச் சுட்டுத் தள்ளினார்கள். வெள்ளவத்தையில் ஜன்னலோரம் நின்று பார்த்தேன். அந்த நேரம் விமானப்படையின் ஹெலிகொப்டர் ஒன்று குறுக்கே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்புறம் பலமுறை யோசித்ததுண்டு. 2019 பெப்ரவரி 27 அன்று காஷ்மீரின் புட்காமில் அதுதான் நடந்தது. பாகிஸ்தானுடன் வான்சண்டை நடந்துகொண்டிருந்த பதற்றத்தில், இந்திய விமானப்படை தன்னுடைய எம்ஐ-17 ஹெலிகொப்டரையே ஏவுகணையால் வீழ்த்தியது. அதில் இருந்த ஆறு பேருடன், தரையில் பொதுமகன் ஒருவரும் இறந்தார். பெரிய தவறு என்று விமானப்படைத் தளபதியே பின்னர் ஒப்புக்கொண்டார்.

புதிய கருவிகள் இதையெல்லாம் தீர்த்துவிடும் என்று சொல்பவர்களுக்கு 2001 டிசம்பர் 5 ஆம் திகதியைத்தான் காட்டுவேன். ஆப்கானிஸ்தானில், கந்தகாருக்கு வடக்கே, அமெரிக்கப் படையினர் விமானத்துக்கு இலக்கைச் சொல்லும் ஜிபிஎஸ் கருவிக்குப் பற்றரி மாற்றினார்கள். மாற்றியதும் அது தானிருக்கும் இடத்தின் எண்களைக் காட்டியது. அதையே இலக்கு என்று நினைத்து அனுப்ப, குண்டு அவர்கள் தலையிலேயே விழுந்தது. அமெரிக்கப் படையினர் மூவரும் கூட இருந்த ஆப்கானியர் சிலரும் இறந்தார்கள். பின்னாளில் ஜனாதிபதியான ஹமீத் கர்சாய் சிறு காயத்துடன் தப்பினார்.