அநுரவும் அரைப் பேரும்

அன்புள்ள அண்ணனுக்கு,

இலங்கை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவைப் பாராட்டி நீங்கள் எழுதியதைப் படித்து வருத்தப்பட்டேன். எங்கள் தாத்தா பொகவந்தலாவையில் தொண்டமான் ஐயாவின் தொழிற்சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸில் தோட்டத் தலைவராக இருந்தவர். தோட்டத் தமிழர்களை இந்திய விஸ்தரிப்புவாதத்தின் கையாட்கள் என்று வகுப்பெடுத்த கட்சி ஜேவிபி (மக்கள் விடுதலை முன்னணி) என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கட்சிக்காரர்தான் இன்று ஜனாதிபதி. தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் 1750 ரூபாய் என்கிறார்கள். அதில் 200 ரூபாய் அரசாங்கப் பணம், கம்பெனிக்காரனுக்கு என்ன நஷ்டம்? கடன் கொடுக்கும் சர்வதேச நாணய நிதியத்தை, ஐஎம்எஃப்பைத் திட்டியவர் இப்போது அதன் சொல்படி நடக்கிறார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுப்பேன் என்றார், எடுக்கவில்லை. டித்வா புயலில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணில் புதைந்தபோது அரசாங்கம் தாமதமாகத்தான் விழித்தது. தோட்டத் தமிழர்கள் வாழும் மலையகத்துக்கு நல்லது செய்தது காங்கிரஸ் ஒன்றுதான். இதை நீங்கள் எழுதியிருக்க வேண்டும்.

ஒரு வாசகர், கொளப்பள்ளி

அன்புள்ள தம்பி,

உங்கள் தாத்தா சொன்னது உண்மை. ஜேவிபியைத் தொடங்கிய ரோஹண விஜேவீர கட்சிக்காரர்களுக்கு எடுத்த ஐந்து வகுப்புகளில் நம்மவர்கள் அப்படித்தான் வந்தார்கள். வடக்கு, கிழக்கு மாகாணங்களின் இணைப்புக்கு எதிராக வழக்குப் போட்டு 2006-இல் பிரிக்க வைத்ததும் ஜேவிபிதான். அநுர அப்போது அந்தக் கட்சியின் எம்.பி. இதில் எதையும் நான் மறுக்கப் போவதில்லை.

ஆனால் நீங்கள் கொளப்பள்ளிக்கும் நான் கோத்தகிரிக்கும் யாரால் வந்து சேர்ந்தோம்? 1948-இல் நம் பிரஜாவுரிமையைப் பறித்தது டி.எஸ். சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு ஒப்பந்தம் போட்டு, நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியவர் சுதந்திரக் கட்சியின் பிரதமர் ஸ்ரீமாவோ. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் பதிந்து, தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களுக்கு நம் குடும்பங்கள் வந்தது அந்தக் கையெழுத்தால். ஜேவிபி தொடங்கப்பட்டதே 1965-இல்தான். நம்மை நாடுகடத்திய பாவத்தில் அதற்குப் பங்கில்லை.

தொண்டமான் ஐயா 1978-இல் யாருடைய அமைச்சரவையில் சேர்ந்தார்? பிரஜாவுரிமையைப் பறித்த அதே ஐக்கிய தேசியக் கட்சியின் அமைச்சரவையில். அவர் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். 1988-இல் நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் வந்ததற்கு அவர் உள்ளே இருந்தது பெரிய காரணம். பறித்த கட்சியின் கையாலேயே திரும்ப வாங்கினார். பழைய கணக்கைச் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் அது நடந்திருக்குமா? ஐ.தே.க.வுக்கு முப்பது வருடத்தில் கிடைத்த மன்னிப்பை அநுரவுக்கு மட்டும் ஏன் மறுக்கிறீர்கள்?

மலையக மக்கள் அவரிடம் ஏமாந்துவிட்டார்கள் என்பதுபோல் உங்கள் கடிதம் முழுக்க ஒரு தொனி இருக்கிறது. 2024 செப்டம்பரில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோது நுவரெலியா மாவட்டத்தில் முதலில் வந்தவர் சஜித் பிரேமதாச. அநுரவைப் பார்த்து யாரும் மயங்கவில்லை. நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல் வந்தது. அதே மாவட்டத்தின் எட்டு இடங்களில் ஐந்து அநுரவின் கூட்டணியான தேசிய மக்கள் சக்திக்குப் போயின. இரண்டு மாதம் பார்த்துவிட்டு முடிவெடுத்திருக்கிறார்கள்.

இனி சம்பளம். அங்கே ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டு எத்தனை வருடம் போராட்டம் நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 2021-இல்தான் கிடைத்தது. 2024 மே தினத்தில் கொட்டகலையில், காங்கிரஸ் மேடையிலேயே, அப்போதைய ஜனாதிபதி ரணில் 1700 என்று அறிவித்தார். கம்பெனிகள் நீதிமன்றம் போயின. கடைசியில் 1350-இல் வந்து நின்றது. 1700 கிடைத்ததுபோல் பட்டாசு வெடித்தவர்கள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. 2025 நவம்பர் பட்ஜெட்டில் அநுர, கம்பெனி 1550 கொடுக்க வேண்டும், வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கம் 200 சேர்க்கும், 2026 ஜனவரியிலிருந்து 1750 என்று அறிவித்தார். அரசாங்கப் பணத்தைக் கம்பெனித் தோட்டத்துக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்ற உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் கம்பெனியின் பங்கும் 1350-லிருந்து 1550 ஆகிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? முழுத்தொகையையும் கம்பெனி தலையில் கட்டி, அவர்கள் மறுபடி வழக்குப் போட்டு, இன்னொரு வருடம் 1350-லேயே இழுபட்டிருந்தால் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு என்ன லாபம்? அவளுக்குப் பணம் கையில் வர வேண்டும்.

2025 அக்டோபரில் பண்டாரவளையில் 2,000 குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரம் கொடுத்ததையும் நீங்கள் சொல்லவில்லை. அந்த வீடுகளுக்குப் பணம் இந்தியா தருவது, அதை அநுரவின் சாதனை என்று முழுதாக எழுதிக்கொள்ள முடியாது, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் இருநூறு வருடமாக லயத்துக் காம்பராவில் கிடந்தவர்களின் பெயரில் ஒரு பத்திரம் வருவது சின்ன விஷயமா, தம்பி? வேலையை விட்டு நின்றால் வீடும் போகும் என்ற பயத்தை டேன்டீ லைன் வீட்டில் வளர்ந்த நீங்களும் நானும் அறிவோம்.

ஐஎம்எஃப் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்த நாடு அது. அந்த செப்டம்பரில் விலைவாசி ஏற்றம் 70 சதவீதத்தைத் தொட்டது. மஸ்கெலியாவில் இருக்கும் என் சித்தி, மாவு வாங்க முடியாமல் ரொட்டியை எண்ணிச் சுட்டதாகப் போனில் அழுதார். அந்த நிலைக்கு நாட்டை மறுபடி தள்ளாமல், எதிர்க்கட்சியில் இருந்தபோது பேசிய பேச்சை விழுங்கிக்கொண்டு ஒப்பந்தத்தைத் தொடர்ந்ததைப் பொறுப்பு என்றுதான் சொல்வேன்.

டித்வா பற்றி நீங்கள் சொன்னது வலிக்கிறது. 600-க்கும் மேற்பட்டோர் இறந்த பேரழிவு. எச்சரிக்கை தமிழில் நேரத்துக்கு வரவில்லை என்ற குறை அங்கே பலரிடமும் இருக்கிறது. தமிழும் ஆட்சிமொழியாக உள்ள நாட்டில் அதற்கு ஜனாதிபதிதான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் ஆபத்தான சரிவில் லயம் கட்டியது வெள்ளைக்காரன். அங்கேயே விட்டுவைத்தது பின்னால் வந்த ஒவ்வொரு அரசாங்கமும், அதில் அமைச்சராக இருந்த நம் தலைவர்களும். 2009 நவம்பரில் இங்கே குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண் சரிந்தபோது யார் வீடுகள் போயின என்று பார்த்தவர்கள் நாம்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் நான் உங்கள் பக்கம். தேர்தல் வாக்குறுதியில் எழுதிக் கொடுத்ததை, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், 159 இடங்களை வைத்துக்கொண்டு உடனே செய்யாததற்கு எந்தச் சமாதானமும் எனக்குத் தெரியவில்லை. மாகாண சபைத் தேர்தலை நடத்தாமல் இழுத்ததும் அப்படித்தான். ஆனால் அந்தச் சட்டம் 1979-இல் ஐ.தே.க.வின் ஜே.ஆர். ஜெயவர்தன ஆட்சியில் வந்தது, தொண்டமான் ஐயா அப்போது அமைச்சர். அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு அநுரவைக் கேளுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.

நீங்கள் எழுதாத ஒன்றுதான் எனக்குக் கவலை. அங்கே ஒரு நாளைக்குச் சொன்ன கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் அரை நாள் கணக்கு, அதாவது அரைப் பேர்தான் போடுவார்கள், பாதிச் சம்பளம். நாட்சம்பளத்தை ஏற்றிய கையோடு கொழுந்தின் அளவையும் ஏற்றிவிட்டால் 1750 காகிதத்தில்தான் இருக்கும். பொகவந்தலாவையில் உங்கள் சொந்தங்கள் இருக்கிறார்கள் அல்லவா? ஜனவரிக்கு முன்னால் எத்தனை கிலோ கேட்டார்கள், இப்போது எத்தனை கேட்கிறார்கள், மாதத்தில் எத்தனை நாள் முழுப் பேர் விழுகிறது என்று விசாரித்து எழுதுங்கள். சம்பளச் சீட்டின் படம் கிடைத்தால் இன்னும் நல்லது. நான் மஸ்கெலியாவில் விசாரிக்கிறேன். கிலோவை ஏற்றியிருக்கிறார்கள் என்றால், அதையும் இதே இடத்தில் அநுரவின் பெயரைப் போட்டே எழுதுவேன்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து அண்ணன்