சிலோன்காரி வீட்டு அம்மம்மா

'வேறு ஊரிலிருந்தோ நாட்டிலிருந்தோ வந்து குடியேறிய பாட்டி, தாத்தா உங்கள் வீட்டில் உண்டா? அவர்களைப் பற்றி எது நினைவில் நிற்கிறது?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் அம்மாவைப் பெற்றவளை அம்மாச்சி என்பார்கள். நானும் தங்கையும் மட்டும் அம்மம்மா என்போம். தெருவுக்கு எங்கள் வீடு 'சிலோன்காரி வீடு'. ஐம்பது வருடத்துக்கு மேல் இங்கே இருந்தும் அந்தப் பெயர் மாறவில்லை.

மன்னார்த் தீவில் பேசாலை அவர் பிறந்த ஊர். அக்கரையில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் அப்போது இங்கே சாதாரணம். 1961-இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி தனுஷ்கோடியில் இறங்கினார். கையில் ஒரு தகரப்பெட்டி; அதில் கல்யாணச் சேலை, கொஞ்சம் பனாட்டு (பனம்பழக் களியைக் காயவைத்த தகடு), மடு மாதா படம். அவர் இறங்கிய துறைமுகத்தையும் ரயில் நிலையத்தையும் 1964 டிசம்பர் புயல் கொண்டுபோய்விட்டது. "நான் வந்த வாசலைக் கடல் மூடிப்போட்டுது" என்பார், கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, பக்கத்து வீட்டுக் கதவைப் பற்றிச் சொல்வதுபோல.

தினமும் விடிகாலை வேதக்கோயிலில் பூசை. 'திருப்பலி' என்று அவர் வாயில் வந்ததே இல்லை; 'பூசை காண'த்தான் போவார். காய்ச்சல் என்று நடித்துப் படுத்திருந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அதைக் கோயில்ல விட்டிட்டு வரலாம், எழும்பு மகன்" என்பார். பூசைக்கு முன் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. எல்லோரும் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று சொல்லும்போது இவர் மட்டும் பழைய பாடத்தில், "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று தொடங்கி, அரை மூச்சு பிந்தி வந்து முடிப்பார். முன்னால் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

இவ்வளவு பக்தி எதற்கு என்று சின்ன வயதில் எரிச்சல்தான். பிறகு அவரே ஒருநாள் சொன்னார். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் வீட்டில் குழம்பு வைப்பதிலிருந்து பேச்சு வரை எல்லாமே வேறாக இருந்ததாம். 'கதைக்கிறது' என்றால் சிரிப்பார்கள், 'ஓம்' என்றால் திருப்பிச் சொல்லிக் காட்டுவார்கள். கோயிலில் மட்டும் எப்போது எழ வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அப்போது பூசை லத்தீனில். பேசாலையிலும் அதே லத்தீன், இங்கேயும் அதே லத்தீன். இரண்டு கரையிலும் யாருக்கும் புரியாது. அதனால் அங்கே எல்லோரும் சமம்.

அவருடைய ஜெபமாலை ஒருமுறை அறுந்து மணிகள் மணலில் சிதறின. தாத்தா தேடிப் பொறுக்கி, வலை பொத்துகிற கையால் தங்கூசி என்கிற நைலான் இழையில் கோத்துக் கொடுத்தார். பத்துப் பத்தாக உள்ள மணிகளில் மூன்றாவது பத்தில் ஒரு மணி குறைந்துவிட்டது. அந்த இடத்தில் தாத்தா போட்ட முடிச்சை நகத்தால் நெருடிக்கொண்டு பத்தாவது மந்திரத்தைச் சொல்வார். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருபவர் அந்தோணியார். அவரிடம் இந்த மணியைக் கேட்கவில்லையா என்றேன். "அவருக்கு என்னட்ட வேற வேலை கிடக்கு" என்றார்.

அந்த வேற வேலை, அவருடைய தங்கச்சி. பேசாலையில் இருந்த ஒரே தங்கச்சியைக் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில்தான் பார்ப்பார். ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலத்தில் இரண்டு நாள், தாத்தாவின் வள்ளத்தில். முற்றத்து மல்லி நாற்று விற்ற காசில் வாங்கிய சேலை இங்கிருந்து போகும். அங்கிருந்து பனாட்டும் சோப்பும் வரும். 1974-இல் தீவு இலங்கைக்குப் போனபோதும், விசா இல்லாமல் திருவிழாவுக்குப் போகலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருந்ததால் இவர்களுக்கு ஒன்றும் மாறவில்லை. எண்பதுகளில் சண்டை மூண்டதும் கப்பலும் நின்றது, திருவிழாவும் நின்றது.

1990-இல் அகதிகள் படகு படகாக வந்தார்கள். எனக்கு அப்போது பத்து வயது. பூசை முடிந்ததும் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு மண்டபம் முகாமுக்கு பஸ் ஏறுவார். தூக்குவாளியில் கஞ்சி. வாசலில் வருகிற போகிறவர்களிடமெல்லாம் "பேசாலை ஆக்கள் ஆராவது வந்திருக்கினமோ?" என்று கேட்பார். ஒரு மாதத்துக்கு மேல் போனோம். தங்கச்சி வரவில்லை. உயிரோடு இருக்கிறாள் என்று மட்டும் ஒருவர் சொன்னார். அன்று திரும்பும் வழியில் எனக்கு நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தார். அதற்கு முன்னும் பின்னும் வெளியில் எதுவும் வாங்கித் தந்ததாக நினைவில்லை.

போர் முடிந்து 2010-இல் திருவிழா மறுபடி நடந்தது. வேர்க்கோடு சூசையப்பர் கோயிலில் பெயர் கொடுத்துவிட்டு, ராமேஸ்வரத்தில் சோதனையெல்லாம் முடித்து விசைப்படகில் கூட்டிப்போனேன். கொடியேற்றம், சிலுவைப்பாதை எதிலும் அவர் கண் இல்லை. அக்கரைப் படகுகள் வந்து நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டுகிற நேரம், முக்காடு போட்ட ஒரு பாட்டி பேத்தியைப் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து வந்தார். கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நான் ஒதுங்கி நின்றேன்.

"உன்ர பல்லெல்லாம் எங்கயடி?" என்றார் அம்மம்மா.

"நீ மட்டும் என்ன, கிழவி" என்றார் அவர். அப்புறம் இருவரும் சிரித்தார்கள். தேர் சுற்றி வந்தபோதுகூட எழுந்திருக்கவில்லை. அம்மம்மா கோயிலில் பராக்குப் பார்த்து நான் கண்டது அன்று ஒருநாள்தான்.

2017-இல் இறந்தார். பெட்டியில் வைக்கும்போது கையில் சுற்றப் பெரியம்மா புது ஜெபமாலை வாங்கி வந்துவிட்டார், பழையது பார்க்க நன்றாக இல்லையாம். அதனால் பழையது அம்மாவிடம் இருக்கிறது. குறைகிற மணியைக் கோத்துத் தரட்டுமா என்று போன மாதம் கேட்டேன். வேண்டாம், கை பழகிவிட்டது என்றார்.