32 வயதிலேயே 60 ஆகிவிட்டது போல இருக்கிறது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லைங்க. அப்பாவின் கடன், தம்பி படிப்பு, அம்மாவின் மருந்துச் செலவு என்று இருபதிலிருந்தே தனியாகச் சுமப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நானும் அந்த வழியாக வந்தவன்தான்.

தங்கையின் கல்லூரி விண்ணப்பத்தில் 'பெற்றோர் / பாதுகாவலர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டபோது எனக்கு 23 வயது. "அப்பா வரலையா?" என்றார் அலுவலர். "நான்தான் சார்" என்றேன். அவர் ஒருமுறை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். அந்த நாட்களில் என் வயதுப் பையன்களோடு உட்கார்ந்தால் பேச ஒன்றும் இருக்காது. ஓய்வுபெறப்போகிற சக ஊழியர் ஒருவரோடுதான் மணிக்கணக்கில் பேசுவேன். வட்டி, சர்க்கரை அளவு, பிள்ளைகள் படிப்பு என்று இருவருக்கும் ஒரே கவலைகள்.

"இந்த வயசுலயே எவ்வளவு பொறுப்பு!" என்று உங்களையும் பாராட்டியிருப்பார்கள். அந்தப் பாராட்டு எனக்குப் பிடிப்பதில்லை. அதைக் கேட்டபிறகு "என்னால முடியல" என்று வாய்விட்டுச் சொல்லவே முடியாமல் போகிறது.

வயதாகிவிட்டது போலத் தோன்றுவது வெறும் மனப்பிரமையும் இல்லை. நாட்பட்ட நோயுள்ள குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தாய்மார்களையும் மற்ற தாய்மார்களையும் வைத்து எலிசா எபல், எலிசபெத் பிளாக்பர்ன் குழுவினர் 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நம் குரோமோசோம்களின் நுனியில் டெலோமியர் என்ற பகுதி இருக்கிறது. வயதாக ஆக அது குறுகும். மன அழுத்தத்தை மிக அதிகமாக உணர்ந்த பெண்களுக்கு, அழுத்தம் குறைவாக இருந்தவர்களைவிடப் பத்து வயதாவது கூடியது போல டெலோமியர் குறுகியிருந்தது. கஷ்டம் உடம்பில் ஏறத்தான் செய்கிறது.

ஆனால் ஏறியது இறங்கவும் செய்கிறது. எனக்குத் தெம்பு தந்தது இதுதான். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 14 பேரின் தலைமுடியை ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் அதில் ஒருவர் விடுமுறையில் போயிருந்த சமயத்தில் நரைத்த ஐந்து முடிகள் மறுபடி கறுத்திருந்தன. அவசர அறுவைச் சிகிச்சை போன்ற நெருக்கடிகளில் கூடுகிற உயிரியல் வயது (உடம்பு எவ்வளவு முதுமையடைந்திருக்கிறது என்ற கணக்கு), உடல் தேறியதும் குறைவதை 2023இல் வேறொரு குழுவும் காட்டியது.

அதனால் முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். இரத்தச்சோகை, தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு எல்லாமே இதே மாதிரி ஆளைச் சோர்ந்துபோக வைக்கும். எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. எதிலும் பிடிப்பில்லை, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வருகிறதென்றால் நாளைக்குத் தள்ளாதீர்கள், இன்றே போங்கள்.

அடுத்தது, தம்பி. இப்போது வேலைக்குப் போகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் மருந்துச் சீட்டையும் டாக்டர் நம்பரையும் இந்த மாதமே அவன் கையில் கொடுங்கள். இரண்டொரு தடவை மறப்பான். திரும்ப வாங்கிக்கொள்ளாதீர்கள்.