இறங்க மட்டும் எடுக்கிறார்கள், ஏற எடுப்பதில்லை

வணக்கம் தம்பி. மேட்டிலிருக்கும் கல்லூரிக்கும் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே 20 பொதுச் சைக்கிள் விட்டோம், சாயங்காலத்துக்குள் எல்லாம் கீழே குவிந்துவிடுகிறது, மேலே ஓட்டிவர ஆளில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

பிள்ளைகளைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். மேடுள்ள ஊரிலெல்லாம் இதே கதைதான். பாரிஸின் வெலிப் என்ற பொதுச் சைக்கிள் திட்டத்தில், மேட்டு நிலையத்தில் சைக்கிளை விட்டவருக்கு 15 நிமிடம் இலவச ஓட்டம் கூடுதலாகக் கொடுத்தார்கள். பார்சிலோனாவில் வண்டியில் ஏற்றித்தான் மேலே கொண்டுபோகிறார்கள். நீங்களும் காலையில் ஒரு நடை குட்டியானை பிடியுங்கள். மேட்டில் மிதித்து மேலே ஓட்டிவருபவருக்கு அடுத்த சவாரி இலவசம் என்று அறிவியுங்கள்.

இன்னொன்று, கியர். தர்மபுரியில் சைக்கிள் கடை வைத்திருப்பவன் என்பதால் சொல்கிறேன். உங்களுடையது முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள சாதா வண்டியாகத்தான் இருக்கும். மேட்டில் 8 கி.மீ. வேகத்தில் போனால் பெடல் நிமிடத்துக்கு 25 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு மிதியும் முழங்காலில் இறங்கும். பின்னால் 22 பல் ஃப்ரீவீல் (பின்சக்கரப் பல்சக்கரம்) மாட்டினால் மிதி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு லேசாகும். செங்குத்தான இடத்துக்கு அதுவும் போதாது, தள்ளித்தான் வரவேண்டும்.

எனக்கு உண்மையில் பயம் இறக்கத்தைப் பற்றித்தான். இன்றைக்கே ரிம்மை விரலால் தடவிப் பாருங்கள். கறுப்பாக மாவு ஒட்டி, பிரேக் கட்டையின் வரிப்பள்ளம் தேய்ந்திருந்தால் அந்த வண்டியை விடவே விடாதீர்கள். மழையில் ரிம் நனைந்தால் நல்ல கட்டைகூடச் சட்டென்று பிடிக்காது. இரண்டு பிரேக்கையும் தம்பிகள் சேர்த்துப் பிடிக்கட்டும்.