கணவனும் மனைவியும் மட்டும் காட்டுக்குள் ஒரு சின்னக் குடிசையில் ஒரு சீசன் முழுக்க இருக்க முடியுமா?

தாராளமாக இருக்கலாம். எங்கள் பக்கம் எத்தனையோ குடும்பங்கள் வருடா வருடம் அப்படித்தான் இருக்கின்றன. வண்டி வீடோ குடிசையோ, அவ்வளவு சின்ன இடத்தில் இரண்டு பேர் மாதக்கணக்கில் இருந்தால் சண்டை வராதா, அலுத்துப் போகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டி வீடு எனக்குத் தெரியாது, பதனீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சப் பனங்காட்டில் போடுகிற குடிசையான விடிலி தெரியும், அதை வைத்துச் சொல்கிறேன்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடியிலிருந்து மூக்கையூர், நரிப்பையூர்ப் பக்கம் போனால் கடலை ஒட்டின மணல்காட்டில் பனையாக நிற்கும். மாசிக் கடைசியில் நானும் வீட்டுக்காரரும் அங்கே போய்க் குடிசை போடுவோம், ஆடியில் பதனீர் வற்றுகிற வரைக்கும் சோறு தூக்கம் எல்லாம் அங்கேதான். ஊரில் வீடு இருக்கிறது. ஆனால் இறக்கின பதனீரை ஊருக்குச் சுமந்து வந்து காய்ச்சுவது நடக்கிற காரியம் இல்லை, வெயில் ஏறினால் அது புளிக்கப் பார்க்கும். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிகிறவரை அத்தையிடம் விட்டுவிடுவோம், அதனால் சித்திரை வரைக்கும் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

விடிலி என்றால் பனங்கை நட்டு, ஓலை வேய்ந்து, நாரால் இழுத்துக் கட்டினது. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். இரண்டு பேர் படுத்தால் கால்மாட்டில் அரிசிப் பானையும் துணி மூட்டையும் வைக்க இடம் இருக்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கிறதே தூங்கவும் மழை வந்தால் ஒதுங்கவும்தான் என்பதால் இடம் போதவில்லை என்று எனக்குத் தோன்றினதே இல்லை. அடுப்பை எந்தப் பக்கம் போடுகிறோம் என்பதுதான் பெரிய விஷயம். எங்களுக்குக் கடல் தெற்கே இருக்கிறது, பகலில் காற்று அங்கிருந்து வரும், வைகாசிக்கு மேல் கச்சான் காற்று பிடித்துக்கொண்டால் தென்மேற்கிலிருந்து மணலை வாரிக்கொண்டு அடிக்கும், அப்புறம் வாசலில் நிற்கக்கூட முடியாது. ஆகவே அடுப்பு வடகிழக்கே இருக்க வேண்டும், குடிசைக்கு நல்ல தூரம் தள்ளி. மாற்றிப் போட்டால் பறக்கிற ஒரு பொறி போதும், காய்ந்த ஓலை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓலைக் குவியலையும் தள்ளித்தான் போட வேண்டும், அதற்குள் சுருட்டை விரியன் வந்து கிடக்கும்.

தண்ணீர் கஷ்டம்தான், அதை மறைக்க மாட்டேன். தோண்டினால் நிறைய இடத்தில் உப்புத்தண்ணீர். மணலில் ஊற்றுத் தோண்டி, ஊற ஊறச் சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்புவோம், இல்லையென்றால் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு ஊர்க் குழாய்க்குப் போக வேண்டும்.

இப்போது சண்டை விஷயம். சண்டை போட நேரம் எங்கே இருக்கிறது? விடியும் முன்பே அவர் அருவாள்பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு பனையேறி ஒரு பொழுதுக்கு முப்பது, நாற்பது மரம் ஏறுவார். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், ஒவ்வொரு மரத்திலும் பாளையை மெல்லிசாகச் சீவிவிட்டு, கலயத்தில் சுண்ணாம்பு தடவித் திரும்பக் கட்டிவிட்டு வர வேண்டும். சீவாமல் விட்டால் பாளை வாய் அடைத்துக்கொள்ளும், அப்புறம் பதனீர் சொட்டாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை கிடையாது, நல்லது கெட்டது கிடையாது. சுண்ணாம்பு குறைந்தால் பதனீர் கள்ளாகிவிடும், தமிழ்நாட்டில் கள் இறக்க 1987-லிருந்து தடை. கூடிப்போனாலும் கருப்பட்டி கெட்டுவிடும். அந்தக் கை அளவு அவருக்குத்தான் தெரியும், நான் அதில் தலையிட மாட்டேன்.

அடுப்பு என் கையில். அவர் கொண்டுவந்து ஊற்றினதும் வடிகட்டித் தாச்சியில் விட்டு, உடைமுள், பனமட்டை, காய்ந்த கருவேலக்கட்டை என்று கிடைத்ததை வைத்து எரிக்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் நகரக்கூடாது. முதலில் அழுக்கு நுரை வரும், அள்ளி எறிந்துவிடலாம். அப்புறம் நிறம் மாறி, தேன் மாதிரி கூப்பனி ஆகும்போதுதான் ஆபத்து, பால் பொங்குகிற மாதிரி ஒரேயடியாக மேலே வரும். இரண்டு ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டால் சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கிவிடும். பதம் பார்க்க ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விடுவேன். கரைந்தால் இன்னும் எரிக்கணும், விரலில் உருட்ட வந்தால் உடனே இறக்கித் துடுப்பால் விடாமல் துழாவ வேண்டும். நனைத்து வைத்த சிரட்டைகளை மணலில் பதித்து அதில் ஊற்றுவேன். சுமார் எட்டு லிட்டர் பதனீருக்கு ஒரு கிலோ கருப்பட்டி தேறும். கோடை மழை பெய்து கலயத்தில் தண்ணீர் இறங்கிவிட்டால் எவ்வளவு எரித்தாலும் பதம் வராது, அன்றைக்கு இரண்டு பேர் உழைப்பும் விறகும் வீண். எங்களுக்குள் முகம் கொடுக்காமல் இருக்கிற நாள் என்றால் அந்த மாதிரி நாள்தான், அதுவும் ராத்திரிச் சாப்பாட்டோடு சரியாகிவிடும்.

அலுப்பு என்று சொல்ல மாட்டேன், பயம் உண்டு. காற்று அதிகமான நாளில் அவர் வருகிற நேரம் தாண்டினால் அடுப்பில் எனக்குக் கவனம் நிற்காது. பக்கத்து விடிலி மதினி, "பேசாம துழாவு தாயி, கலயம் முட்டுற சத்தம் கேக்குது பாரு" என்பார். உண்மையாகவே அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும். மழைக்கு நனைந்த பனை வழுக்கும், ஏறும்போது காலில் மாட்டுகிற கால்நார் நைந்திருந்தால் தெரியாது. பனையேறிகள் கூலி அதிகம் கேட்கிறார்கள் என்று சொல்கிறவர்களிடம் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். தொழிலுக்குப் போகிறவர்கள் பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துவிட்டு, அட்டையைப் புதுப்பித்துவிட்டுப் போங்கள். விழுந்த பிறகு அலைவதில் பலன் இல்லை.

சாப்பாட்டுக்குக் குறை இல்லை. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், ஆனால் நாட்டுப்படகு போகும், சாளையோ காரலோ கூடையில் கொண்டுவருவார்கள். காசு இல்லாத அன்றைக்குக் கருப்பட்டி கொடுத்து வாங்குவேன். லீவுக்குப் பிள்ளைகள் வந்துவிட்டால் கூப்பனியில் மாங்காயை வெட்டிப் போட்டு வேகவைத்துத் தரச்சொல்லி அடுப்பையே சுற்றுவார்கள்.

நீங்கள் வேலை இல்லாமல் சும்மா தங்கிப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் நான் சொன்னது அப்படியே பொருந்தாது. இரண்டு பேருக்கும் பிரித்து வைத்துக்கொள்ள ஆளுக்கொரு வேலை இல்லாமல், நாள் முழுக்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு இருந்தால் பெரிய பங்களாவிலும் கஷ்டம்தான் என்று நினைக்கிறேன். வருவதாக இருந்தால் பங்குனியில் வாருங்கள், கச்சான் தொடங்கும் முன்னே. யாருடைய காடு என்று கேட்டுவிட்டு வண்டியை நிறுத்துங்கள், குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டுவாருங்கள். கருப்பட்டி வாங்கினால் விடிலியிலேயே காய்ச்சுவதைப் பார்த்து வாங்குங்கள், கடைக்குப் போகிறதில் சீனி கலப்பு நிறைய நடக்கிறது. புதுசு ஈரமாக இருக்கும், வீட்டில் அடுப்புக்கு மேலே புகை படுகிற இடத்தில் கொஞ்ச நாள் வைத்தால் மழைக்காலத்திலும் கசியாது.